பல ஆண்டு ஹார்மோன் குறைவு: சிகிச்சை எடுத்தால் உடம்பு பழைய நிலைக்குத் திரும்புமா?

ஈப்போ: உடம்பில் தெம்பு இல்லை, வேலையில் நாட்டமில்லை, இல்லறத்தில் ஆர்வமில்லை. இவை எல்லாவற்றையும் “வயதாகிவிட்டது” என்ற ஒரே சொல்லில் முடித்துவிடும் ஆண்கள் நம்மிடையே அதிகம். அவர்களில் சிலருக்கு உண்மையான காரணம் வயது அல்ல. டெஸ்டோஸ்டிரோன் எனும் ஆண் ஹார்மோன் பல ஆண்டுகளாகக் குறைந்து கிடப்பதுதான்.

இந்தக் குறைவு இரத்தப் பரிசோதனையில் உறுதியானால் ஊசியாகவோ தோலில் தடவும் ஜெல்லாகவோ அந்த ஹார்மோனை வெளியிலிருந்து கொடுக்க முடியும். ஆனால் பத்து, இருபது ஆண்டுகள் அது இல்லாமலே பழகிவிட்ட உடம்பு, திடீரென்று அது கிடைக்கும்போது என்ன செய்யும்? ஏற்றுக்கொள்ளுமா? அல்லது காலம் கடந்துவிட்டதா?

மருத்துவ ஆய்வுகள் தரும் பதில் இது: உடம்பு இந்த ஹார்மோனை மறந்துவிடுவதில்லை. பல ஆண்டுகள் கழித்துக் கொடுத்தாலும் பெரும்பாலான உறுப்புகள் அதற்குச் செவிசாய்க்கின்றன. ஆனால் எல்லா உறுப்புகளும் ஒரே வேகத்தில் தேறுவதில்லை. உரிய வயதில் கிடைக்காமல் போனதால் ஏற்பட்ட சில இழப்புகள் பிறகு திரும்புவதும் இல்லை. இந்த இரண்டையும் தெரிந்துகொண்டால், “இனிமேல் என்ன பயன்” என்று ஒதுங்குவதையும், “இரண்டு ஊசி போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை” என்று பாதியில் விடுவதையும் தவிர்க்கலாம்.

நம் சமூகம் ஏன் கவனிக்க வேண்டும்?

சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. எல்லா இனத்தவரையும்விட இதுவே அதிகம்.

நீரிழிவுக்கும் இந்த ஹார்மோனுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அமெரிக்காவின் பஃபலோ நகரில் இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 103 ஆண்களைப் பரிசோதித்து 2004இல் வெளியான ஆய்வில், மூன்றில் ஒருவருக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைவாக இருந்தது தெரியவந்தது. அதன் பிறகு பல நாடுகளில் நடந்த ஆய்வுகளும் இந்தத் தொடர்பை உறுதி செய்துள்ளன. தொப்பையில் சேரும் கொழுப்பு ஹார்மோனைக் குறைக்கிறது. ஹார்மோன் குறைந்தால் தசை கரைந்து கொழுப்பு மேலும் சேர்கிறது. ஒன்று மற்றொன்றை வளர்த்துவிடும் சுழற்சி இது.

பேரா மாநிலத்தில் சுங்கை சிப்புட், செம்மோர், பாகான் செராய், சிலிம் ரிவர் வட்டாரங்களில் பால்மரம் வெட்டி வாழ்ந்த தலைமுறை இப்போது அறுபது, எழுபது வயதைத் தொட்டுவிட்டது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் துண்டாடப்பட்டன, லயங்களில் இருந்த குடும்பங்கள் ஈப்போ போன்ற நகரங்களின் அடுக்குமாடி வீடுகளுக்கு வந்து சேர்ந்தன. விடியுமுன் பிரட்டுக்கு நின்று, மலைச்சரிவில் மரத்துக்கு மரம் நடந்த உடம்பு உட்கார்ந்த வேலைக்கு மாறியது. சோற்றின் அளவு மட்டும் பல வீடுகளில் மாறவில்லை.

தோட்டத்து டிரெஸ்ஸரிடம் காய்ச்சலுக்கும் வெட்டுக்காயத்துக்கும் மருந்து வாங்கிய தலைமுறை அது. இல்லறக் குறையை அங்கே யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சுகாதாரக் கிளினிக்கில் இனிப்புநீருக்கு மூன்று மாதத்திற்கு ஒருமுறை மருந்து எடுப்பவர்கள்கூட இதைப் பற்றிப் பேச இன்றும் தயங்குகிறார்கள். குறைவு பல ஆண்டுகள் நீள்வதற்கு இந்தத் தயக்கமும் ஒரு காரணம்.

ஹார்மோன் எப்படிக் குறைகிறது?

டெஸ்டோஸ்டிரோன் விதைப்பையில் உள்ள விதைகளில் சுரக்கிறது. அதைச் சுரக்கச் சொல்லி உத்தரவிடுவது மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி. பழுது இந்த இரண்டு இடங்களில் எதிலும் வரலாம்.

விதைகளே பழுதடைவது முதல் வகை. பருவ வயதுக்குப் பின் வரும் பொன்னுக்கு வீங்கி சிலருக்கு விதைகளைத் தாக்கும். ஆண் குழந்தைகளில் ஏறக்குறைய 600 பேரில் ஒருவர் கூடுதலாக ஓர் எக்ஸ் குரோமோசோமுடன் பிறக்கிறார். கிளைன்ஃபெல்டர் எனப்படும் இந்த நிலை இருப்பது பலருக்குத் தெரிவதே இல்லை. குழந்தை இல்லையென்று மருத்துவரிடம் போகும்போதுதான் சிலருக்குத் தெரியவருகிறது. பல ஆண்டு மதுப் பழக்கமும் விதைகளையும் கல்லீரலையும் சேர்த்துக் கெடுக்கிறது. தோட்டப்புறங்களில் சம்சு பல குடும்பங்களைச் சாய்த்த கதையின் பேசப்படாத பகுதி இது.

உத்தரவு வராமல் போவது இரண்டாம் வகை. பிட்யூட்டரியில் கட்டி, பிறவிக் கோளாறு, சில வலி நிவாரண மருந்துகளை நெடுநாள் எடுப்பது ஆகியவை இதில் அடங்கும். உடற்பயிற்சிக் கூடங்களில் தசை வளர்க்க ஸ்டீராய்டு ஊசி போடும் இளைஞர்களுக்கும் இதுதான் நேர்கிறது. வெளியிலிருந்து ஹார்மோன் வருவதால் பிட்யூட்டரி உத்தரவை நிறுத்திவிடுகிறது. ஊசியை விட்ட பிறகு சொந்தச் சுரப்பு திரும்பப் பல மாதங்கள் ஆகலாம்.

உடல் பருமன், நீரிழிவு உள்ளவர்களிடம் காணப்படும் குறைவு பெரும்பாலும் மிதமானது. உறுப்பு நிரந்தரமாகக் கெட்டுப்போவதால் அல்ல, உடல்நிலை மோசமாக இருப்பதால் வருவது. எடை குறைந்தால் ஹார்மோன் தானாகவே ஓரளவு உயரும். இந்த வேறுபாட்டைப் பொறுத்தே சிகிச்சையின் பலனும் அமைகிறது.

உயிரணு மறந்துவிடுமா?

டெஸ்டோஸ்டிரோன் இரத்தத்தில் மிதந்தால் மட்டும் போதாது. தசை, எலும்பு, மூளை என ஒவ்வோர் உறுப்பின் உயிரணுவுக்குள்ளும் அதைப் பிடித்துக்கொள்ளும் புரதம் ஒன்று இருக்கிறது. ஹார்மோனைச் சாவி என்றால் இந்தப் புரதம் பூட்டு. சாவி பூட்டில் நுழைந்த பிறகே உயிரணு வேலையைத் தொடங்கும்.

சாவி பல ஆண்டுகள் வராவிட்டால் பூட்டு துருப்பிடித்துவிடுமோ என்பதுதான் பலரின் அச்சம். ஆனால் பூட்டைச் செய்யும் கட்டளை உயிரணுவின் மரபணுவிலேயே இருக்கிறது. ஹார்மோன் இல்லாத காலத்தில் பூட்டுகளின் எண்ணிக்கை உறுப்புக்கு உறுப்பு ஏறி இறங்கினாலும், உயிரணு அவற்றைச் செய்யும் திறனை இழப்பதில்லை. தசையில் டெஸ்டோஸ்டிரோன் சேரும்போது பூட்டுகளும் கூடுவதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

சில உறுப்புகளில் எதிர்மாறாகவும் நடக்கும். புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஆண் ஹார்மோனை நிறுத்துவதே ஒரு சிகிச்சை. அமெரிக்க மருத்துவர் சார்லஸ் ஹக்கின்ஸ் 1941இல் இதைக் காட்டினார். 1966இல் நோபல் பரிசு பெற்றார். ஹார்மோன் இல்லாமல் நெடுநாள் பட்டினி போடப்படும் அந்தப் புற்றணுக்கள், சில நேரங்களில் பூட்டுகளைப் பெருக்கிக்கொண்டு, மிகக் குறைந்த ஹார்மோனிலேயே வளரப் பழகிவிடுகின்றன. பட்டினி போட்டால் உயிரணு செவிடாகிவிடும் என்ற எண்ணம் சரியல்ல என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

18 பேர், 3 ஆண்டுகள்

இந்தக் கேள்விக்கு நேரடியாகப் பதில் தேடிய ஆய்வு ஒன்று 2000ஆம் ஆண்டில் வெளியானது. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் பீட்டர் ஸ்னைடர் குழுவினர், உறுப்புக் கோளாறால் ஹார்மோன் மிகவும் குறைந்திருந்த, அதுவரை ஒருமுறைகூடச் சிகிச்சை பெறாத 18 ஆண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களின் சராசரி டெஸ்டோஸ்டிரோன் ஒரு டெசிலிட்டருக்கு 78 நானோகிராம். நலமாக உள்ள ஆணுக்கு இது பொதுவாக 300க்கு மேல் இருக்கும்.

தோலில் ஒட்டும் பட்டை வழியாக 3 ஆண்டுகள் ஹார்மோன் கொடுத்ததில், கொழுப்பு நீங்கலான உடல் எடை சராசரியாக 3.1 கிலோ கூடியது. முதுகெலும்பின் அடர்த்தி 7.7 விழுக்காடு உயர்ந்தது. இரத்தச் சிவப்பணுக்கள் பெருகின. தெம்பும் பாலுணர்வும் மேம்பட்டன. சுருங்கிக் கிடந்த புராஸ்டேட் சுரப்பி 12 மில்லிலிட்டரிலிருந்து 22 மில்லிலிட்டராக வளர்ந்தது.

எவ்வளவு காலம் ஆனது என்பதுதான் இந்த ஆய்வின் முக்கியச் செய்தி. மற்ற உறுப்புகளில் முழுப் பலன் 3 முதல் 6 மாதங்களில் தெரிந்துவிட்டது. எலும்பில் மட்டும் 24 மாதங்கள் ஆயின.

ஜெர்மனியில் 72 பேரை 16 ஆண்டுகள் வரை கவனித்து 1997இல் வெளியிடப்பட்ட ஆய்வும் இதோடு ஒத்துப்போகிறது. அதற்கு முன் சிகிச்சையே பெறாதவர்களுக்குத்தான் முதல் ஆண்டில் எலும்பு அடர்த்தி மிக அதிகமாக உயர்ந்தது. அதாவது, வெகுநாள் வறண்டு கிடந்த உடம்பு மற்றவர்களைவிட வேகமாகவே உறிஞ்சிக்கொள்கிறது.

எது எப்போது தேறும்?

ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் ஏறக்குறைய இந்தக் கால வரிசை கிடைக்கிறது:

- பாலுணர்வு நாட்டம்: 3 வாரங்களில் தொடங்கும், 6 வாரங்களில் நிலைபெறும்.
- மனச்சோர்வு குறைதல்: 3 முதல் 6 வாரங்களில் தொடங்கும், முழுப் பலனுக்குப் பல மாதங்கள்.
- விறைப்புத் தன்மை: 6 மாதங்கள் வரை ஆகலாம்.
- தசையும் கொழுப்பும்: 3 முதல் 4 மாதங்களில் மாற்றம் தெரியும், 6 முதல் 12 மாதங்களில் நிலைபெறும்.
- சிவப்பணுக்கள்: 3 மாதங்களில் உயரத் தொடங்கி, 9 முதல் 12 மாதங்களில் உச்சம்.
- எலும்பு: 6 மாதங்களுக்குப் பிறகே தெரியும், 3 ஆண்டுகள் வரை தொடர்ந்து கூடும்.

ஒரே மழையில் கீரை மூன்று வாரத்தில் தழைக்கும். புதிதாக நட்ட பால்மரம் வெட்டுக்கு வர ஐந்தாறு ஆண்டாகும். மழையில் குறை இல்லை. இரண்டு ஊசியோடு சிகிச்சையை நிறுத்துபவர் கீரையை மட்டும் பார்த்துவிட்டு மரத்தைக் கைவிடுகிறார்.

விறைப்புத் தன்மையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஹார்மோன் நெடுநாள் இல்லாவிட்டால் ஆணுறுப்பின் உள்தசை குறைந்து அந்த இடத்தில் கொழுப்பு சேர்வதை விலங்கு ஆய்வுகள் காட்டியுள்ளன. அதோடு நீரிழிவால் நரம்பும் இரத்தக் குழாயும் கெட்டிருந்தால் ஹார்மோன் மட்டும் போதாது. ஆர்வம் திரும்பியும் உடல் ஒத்துழைக்கவில்லை என்று சிலர் சொல்வது இதனால்தான். மருத்துவர் அதற்கு வேறு மருந்தும் சேர்க்க வேண்டியிருக்கும்.

காலம் தவறினால் திரும்பாதவை

குறைவு எத்தனை ஆண்டு நீடித்தது என்பதைவிட, எந்த வயதில் தொடங்கியது என்பது முக்கியம். பருவம் அடைந்து, முழு ஆணாக வளர்ந்த பிறகு ஹார்மோனை இழந்தவரின் உடம்பு ஏற்கெனவே கட்டி முடித்த வீடு போன்றது. பழுது பார்த்தால் போதும். பருவமே அடையாதவருக்குச் சில அறைகள் கட்டப்படவே இல்லை.

எலும்பு உறுதியின் பெரும்பகுதி பருவ வயதிலிருந்து இருபதுகளின் இறுதிக்குள் சேர்கிறது. பிறவிக் கோளாறால் பருவம் அடையாத 21 ஆண்களுக்கு அமெரிக்காவில் ஹார்மோன் கொடுத்துப் பார்த்தார்கள். எலும்பின் வளர்ச்சி முனைகள் இன்னும் மூடாமல் இருந்தவர்களுக்கே கூடுதல் பலன் கிடைத்தது. ஆனாலும் முதுகெலும்பின் உட்பகுதி இரு தரப்பினருக்கும் முழு இயல்பு நிலையை எட்டவில்லை. 1989இல் வெளியான முடிவு இது. பருவம் தாமதமாக வந்த 23 இளைஞர்களின் எலும்பு அடர்த்தி பின்னாளிலும் குறைவாக இருந்ததாக 1992இல் மற்றோர் ஆய்வு கூறியது. பின்னர் வந்த எல்லா ஆய்வுகளும் இதே அளவுக்குச் சொல்லவில்லை என்றாலும், உரிய வயதில் பார்ப்பதே நல்லது என்பதில் மாற்றுக் கருத்து இல்லை.

ஆணுறுப்பின் வளர்ச்சியும் அப்படித்தான். பருவ வயதில் தவறியதை முப்பது வயதில் முழுமையாக ஈடுகட்ட முடிவதில்லை. ஆனால் குரல், மீசை, தசை ஆகியவை முப்பது, நாற்பது வயதில் சிகிச்சை தொடங்கினாலும் மாறுகின்றன. இப்படிப்பட்டவர்களுக்கு மருத்துவர்கள் பெரும்பாலும் குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவார்கள். ஒரு பையன் சில ஆண்டுகளில் மெல்லக் கடக்கும் மனமாற்றங்களை ஒரே மாதத்தில் ஒருவர் மீது ஏற்றிவிடக் கூடாது என்பதே காரணம்.

ஆகவே 14 வயது முடிந்தும் விதைகள் வளரத் தொடங்காத, குரல் உடையாத மகனை “எங்கள் வம்சமே அப்படித்தான்” என்று விட்டுவிடக் கூடாது. பெரும்பாலோருக்கு அது வெறும் தாமதமாகவே இருக்கும். ஒருமுறை மருத்துவர் பார்த்துச் சொன்னால் நிம்மதி.

நீரிழிவும் வயதும் உள்ளவர்களுக்கு

ஆஸ்திரேலியாவில் 50 முதல் 74 வயதுக்குட்பட்ட, தொப்பை உள்ள, டெஸ்டோஸ்டிரோன் குறைந்த 1,007 ஆண்களிடம் நடந்த ஆய்வு 2021இல் வெளியானது. அனைவருக்கும் உணவு, உடற்பயிற்சித் திட்டம் தரப்பட்டது. பாதிப் பேருக்கு ஹார்மோன் ஊசியும், மீதிப் பேருக்கு மருந்தில்லாத ஊசியும் போடப்பட்டன. இரண்டு ஆண்டு முடிவில் ஹார்மோன் பெற்றவர்களில் 12 விழுக்காட்டினருக்கும் மற்றவர்களில் 21 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு இருந்தது.

நல்ல செய்திதான். ஆனால் ஹார்மோன் பெற்றவர்களில் 22 விழுக்காட்டினருக்கு இரத்தம் அளவுக்கு மீறிக் கெட்டியானது. எனவே நீரிழிவைத் தடுக்க எல்லாரும் ஊசி போடலாம் என்று மருத்துவ உலகம் சொல்லவில்லை. எடைக் குறைப்பே முதல் மருந்து.

இதய நோய் உள்ள அல்லது அது வரும் அபாயம் அதிகமுள்ள 5,200க்கும் மேற்பட்ட ஆண்களிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2023இல் வெளியானது. மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் ஆகியவை ஹார்மோன் பெற்றவர்களில் 7.0, பெறாதவர்களில் 7.3 விழுக்காடு. பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் இதயத் துடிப்புச் சீர்கேடு, நுரையீரலில் இரத்தக் கட்டு, சிறுநீரகப் பாதிப்பு ஆகியவை ஹார்மோன் பெற்றவர்களிடம் சற்று அதிகம். எலும்பு முறிவும் குறையவில்லை. சற்றுக் கூடியே இருந்தது. வயதான காலத்து மிதமான குறைவுக்குக் கொடுக்கும் ஹார்மோன், உறுப்புக் கோளாறால் முற்றிலும் வறண்டவருக்குக் கொடுப்பதைப் போன்றதல்ல என்பதை இது காட்டுகிறது.

குழந்தை வேண்டுமென்றால்

வெளியிலிருந்து செலுத்தும் டெஸ்டோஸ்டிரோன் விந்தணு உற்பத்தியைக் குறைக்கும். சிலருக்கு நிறுத்தியும் விடும். குழந்தைக்குக் காத்திருக்கும் கணவர் இதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிட்யூட்டரி உத்தரவு வராததுதான் காரணம் என்றால், அந்த உத்தரவைப் போல் வேலை செய்யும் வேறு ஊசிகள் உண்டு. பல ஆண்டு குறைவுக்குப் பிறகும் அவற்றால் தந்தையானவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பொறுமை தேவை. மாதக் கணக்கில், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகும்.

காப்பிப் பொட்டலத்தில் தீர்வு இல்லை

மருத்துவரிடம் சொல்லக் கூச்சப்படுபவர்கள் தொங்காட் அலி காப்பி, பெயர் தெரியாத மாத்திரை என்று போகிறார்கள். இப்படி விற்கப்படும் சில காப்பிப் பொட்டலங்களில் சில்டெனாஃபில், டடாலாஃபில் போன்ற மருந்துகள் மறைவாகக் கலக்கப்பட்டிருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் மாத்திரை வைப்பவர் இதைக் குடித்தால் இரத்த அழுத்தம் திடீரென்று சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். உண்மையான ஹார்மோன் குறைவு இருந்தால் அதுவும் மறைந்தே போகும்.

என்ன செய்யலாம்?

- தெம்பின்மை, ஆர்வமின்மை, காலையில் விறைப்பு நின்றுபோதல், சவரம் செய்யும் தேவை குறைதல், லேசாக விழுந்ததற்கே எலும்பு முறிதல் போன்றவை இருந்தால் அருகிலுள்ள சுகாதாரக் கிளினிக்கில் சொல்லுங்கள். குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான். தேவைப்பட்டால் ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் தருவார்கள்.
- இரத்தப் பரிசோதனையைக் காலையில், வெறும் வயிற்றில், இரண்டு வெவ்வேறு நாள்களில் செய்ய வேண்டும். ஒரே முடிவை வைத்துச் சிகிச்சை தொடங்கக் கூடாது.
- லிட்டருக்கு 8 நானோமோலுக்குக் கீழ் இருந்து, அறிகுறிகளும் இருந்தால் சிகிச்சை பொதுவாகப் பயன் தரும். 12க்கு மேல் என்றால் பெரும்பாலும் வேறு காரணத்தைத் தேட வேண்டும். இடைப்பட்ட அளவில் மருத்துவர்தான் முடிவு செய்வார்.
- சிகிச்சைக்கு முன்னும், தொடங்கிய முதல் ஆண்டிலும் இரத்தத்தின் கெட்டித்தன்மையையும் புராஸ்டேட்டையும் பரிசோதிக்க வேண்டும். நெடுநாள் குறைவு இருந்தவர்களுக்கு எலும்பு அடர்த்திப் பரிசோதனையும் தேவைப்படலாம்.
- பலன் தெரியவில்லை என்று நீங்களாக நிறுத்தவோ அளவைக் கூட்டவோ வேண்டாம். நீண்டகால ஊசி சுமார் மூன்று மாதத்திற்கு ஒருமுறை போடப்படுவது. அளவு நிலைபெறவே சில ஊசிகள் ஆகும்.

புராஸ்டேட் அல்லது மார்பகப் புற்றுநோய் உள்ளவர்களுக்கு இந்தச் சிகிச்சை பொதுவாகத் தரப்படுவதில்லை.

இனிப்புநீர் மருந்து எடுக்க அடுத்த முறை கிளினிக்கிற்குப் போகும்போது, சர்க்கரை அளவைக் கேட்பதோடு இதையும் ஒரு வரி கேட்டுவிடலாம். பத்தாண்டு தாமதமானாலும் உடம்பு தேறும். எலும்பு முறியுமுன் கேட்பது இன்னும் நல்லது.